அட்ரினல் கட்டிக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா? உப்பைக் கூட்டச் சொல்வது ஏன், ஜலதோஷ மாத்திரை ஏன் ஆபத்து? முழு விளக்கம்

பி.பி. அதிகமாக இருக்கிறது என்று டாக்டரிடம் போனால், முதலில் காதில் விழும் வார்த்தை 'உப்பைக் குறைங்க' என்பதுதான். ஆனால், ஒரு வகை பி.பி. நோயாளிகளிடம் மட்டும் டாக்டர்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். 'உப்பு நல்லா சேர்த்துக்கோங்க, தண்ணி நிறைய குடிங்க' என்பார்கள். கூடவே, 'எங்களைக் கேட்காம ஜலதோஷத்துக்குக் கூட மாத்திரை வாங்கிப் போடாதீங்க' என்றும் எச்சரிப்பார்கள்.

அட்ரினல் சுரப்பியில் வரும் 'ஃபியோகுரோமோசைட்டோமா' என்ற கட்டி உள்ளவர்கள்தான் அந்த நோயாளிகள். பெயர் வாயில் நுழையாவிட்டாலும், இந்தக் கட்டிக்கான மாத்திரைகளை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது உயிரைக் காக்கும் விஷயம். மாத்திரைகளின் வரிசை மாறினாலே ஆபத்து என்று சொல்லும் அளவுக்கு இதில் கவனம் தேவை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஃபியோகுரோமோசைட்டோமா என்றால் என்ன?

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி வைத்தது போல இருப்பவைதான் அட்ரினல் சுரப்பிகள். பயம், கோபம், அவசரம் வரும்போது நெஞ்சு படபடக்கிறதே, அதற்குக் காரணமான அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகிய ஹார்மோன்கள் இந்தச் சுரப்பியின் உள்பகுதியில் உருவாகின்றன. அந்த உள்பகுதியில் வளரும் கட்டிதான் ஃபியோகுரோமோசைட்டோமா.

சாதாரணமாக, உடலுக்குத் தேவைப்படும்போது மட்டுமே இந்த ஹார்மோன்கள் அதிகமாகச் சுரக்கும். கட்டி இருந்தால், தேவையே இல்லாத நேரத்திலும் ரத்தத்தில் கொட்டும். சும்மா உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டையைப் பிளக்கும் தலைவலி, குப்பென்று வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வரும். பி.பி. எகிறும். சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்திலோ அடங்கிவிடும். டாக்டரிடம் போய்ச் சேரும்போது பி.பி. நார்மலாக இருக்கும். 'டென்ஷன்தான்' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

இது அரிதான நோய். பி.பி. உள்ள ஆயிரம் பேரில் சுமார் 1 முதல் 6 பேருக்குத்தான் இந்தக் கட்டி காரணமாக இருக்கும் என்பது மருத்துவ உலகின் கணக்கு. அதனால் தலைவலியும் படபடப்பும் வந்தாலே பயந்துவிட வேண்டியதில்லை. ரத்தத்திலோ, 24 மணி நேரம் சேகரித்த சிறுநீரிலோ 'மெட்டாநெஃப்ரின்' அளவைப் பார்க்கும் பரிசோதனை மூலம் கண்டுபிடிக்கலாம். அது அதிகமாக இருந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, கட்டி எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

ஆபரேஷன்தானே தீர்வு... மாத்திரை எதற்கு?

கட்டியை அகற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு. 1926-ம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் லோசானில் செசார் ரூ, அமெரிக்காவின் ராச்செஸ்டரில் சார்லஸ் மேயோ என இரண்டு டாக்டர்கள் இந்தக் கட்டியை வெற்றிகரமாக அகற்றிவிட்டார்கள்.

ஆனால், இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மயக்க மருந்து கொடுக்கும்போதும், டாக்டரின் கை கட்டியில் படும்போதும், அதில் தேங்கியிருக்கும் ஹார்மோன் மொத்தமாக ரத்தத்தில் கலக்கலாம். பி.பி. 250-ஐத் தாண்டிப் போகலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். கட்டியை வெளியே எடுத்த அடுத்த நிமிடமோ கதை தலைகீழ். ஹார்மோன் திடீரென்று நின்றுவிடுவதால் பி.பி. மடமடவென்று சரியும்.

ஒரு காலத்தில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கும் மேல் உயிரிழந்திருக்கிறார்கள். இன்று தேர்ந்த மருத்துவமனைகளில் அது 3 பேருக்கும் கீழே வந்துவிட்டது. நல்ல மயக்க மருந்தும் ஆபரேஷன் முறையும் இதற்குக் காரணம் என்றாலும், ஆபரேஷனுக்கு முன்பே மாத்திரை கொடுத்து உடலைத் தயார் செய்வதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு. வழக்கமாக 7 முதல் 14 நாள் வரை இந்த மாத்திரைகளைச் சாப்பிட வேண்டியிருக்கும். சிலருக்கு இன்னும் கூடுதல் நாட்கள் ஆகலாம்.

முதலில் ஆல்ஃபா, அப்புறம்தான் பீட்டா... ஏன் இந்த வரிசை?

இந்தக் கட்டியின் சிகிச்சையில் மறக்கவே கூடாத விதி இது. அட்ரினலின் தன் வேலையைச் செய்ய, உடலில் சில 'பூட்டுகளை'த் திறக்க வேண்டும். ஆல்ஃபா என்ற பூட்டைத் திறந்தால் ரத்தக்குழாய் சுருங்கும், பி.பி. ஏறும். பீட்டா என்ற பூட்டில் இரண்டு வேலைகள் நடக்கும். ஒன்று, இதயம் வேகமாகத் துடிக்கும். இன்னொன்று, தசைகளுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் விரியும்.

படபடப்பு இருக்கிறதே என்று பீட்டா பிளாக்கர் மாத்திரையை முதலில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? ரத்தக்குழாயை விரியவைக்கும் வழி அடைபட்டுவிடும். சுருங்கவைக்கும் வழி மட்டும் திறந்தே இருக்கும். விளைவு, பி.பி. இன்னும் பயங்கரமாக எகிறும். மாத்திரையால் வேகம் குறைந்த இதயம், அந்த அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் வரை போகலாம்.

அதனால்தான், முதலில் ஆல்ஃபா பிளாக்கரைக் கொடுத்து ரத்தக்குழாய்களைத் தளர்த்துவார்கள். அது நன்றாக வேலை செய்யத் தொடங்கிய பிறகு, பொதுவாக 3, 4 நாட்களுக்குப் பின், நாடித்துடிப்பு அதிகமாக இருந்தால் மட்டும் பீட்டா பிளாக்கரைச் சேர்ப்பார்கள்.

இது நோயாளிக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று கேட்கலாம். புரோப்ரனோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் கை நடுக்கம், ஒற்றைத் தலைவலி, பதற்றம் என்று பல காரணங்களுக்காகத் தரப்படுகின்றன. வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்தது டப்பாவில் இருக்கும். 'எனக்கும் படபடப்புதானே' என்று எடுத்துப் போடுவது நம் ஊரில் சகஜம். இந்தக் கட்டி உள்ளவர்கள் அதைச் செய்யவே கூடாது. லேபெட்டலால் என்ற மாத்திரை இரண்டு பூட்டையும் அடைக்கக் கூடியதுதான். ஆனால், அதில் பீட்டா வேலையே அதிகம் என்பதால் அதையும் முதல் மாத்திரையாகப் பரிந்துரைப்பதில்லை.

என்னென்ன மாத்திரைகள் தரப்படுகின்றன?

*ஃபீனாக்ஸிபென்சமைன்:* பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் ஆல்ஃபா பிளாக்கர். பொதுவாக 10 மி.கி. அளவில் தொடங்கி, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பி.பி.யைப் பார்த்துக் கூட்டுவார்கள். இது ஆல்ஃபா பூட்டில் போய் ஒட்டிக்கொண்டால் திரும்ப வராது. உடல் புதிய பூட்டுகளை உருவாக்கிக்கொள்ளும் வரை மருந்தின் வேலை சில நாட்களுக்கு நீடிக்கும்.

*பிரசோசின், டாக்சாசோசின்:* இவையும் ஆல்ஃபா பிளாக்கர்கள்தான். வேலை செய்யும் நேரம் முந்தையதை விடக் குறைவு. நெதர்லாந்தில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், ஆபரேஷனின்போது பி.பி. இலக்கைத் தாண்டிய நேரம் ஃபீனாக்ஸிபென்சமைன், டாக்சாசோசின் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது. எது கிடைக்கிறது, எது ஒத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்து டாக்டர் முடிவு செய்வார்.

*மெட்டைரோசின்:* இது வேறு ரகம். பூட்டை அடைக்காமல், ஹார்மோன் உற்பத்தியையே குறைக்கும். கட்டி பெரிதாக இருந்தாலோ, பரவியிருந்தாலோ, மற்ற மாத்திரைகள் போதாவிட்டாலோ சேர்ப்பார்கள். தூக்கம் தூக்கமாக வருவது இதன் முக்கியப் பக்கவிளைவு. மது அதை இன்னும் அதிகமாக்கும். சிலருக்குக் கை நடுக்கம், உடல் இறுக்கம், மனச்சோர்வு, வயிற்றுப்போக்கு வரலாம். சிறுநீரில் படிகங்கள் உருவாக வாய்ப்பு இருப்பதால், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

எந்த மாத்திரை, எத்தனை மி.கி. என்பது ஆளுக்கு ஆள் மாறும். இங்கே சொல்லியிருக்கும் அளவைப் பார்த்து நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

உப்பும் தண்ணீரும் ஏன் அதிகம் வேண்டும்?

மாதக்கணக்கில் ரத்தக்குழாய்கள் சுருங்கியே இருந்ததால், உடலில் ஓடும் ரத்தத்தின் அளவும் குறைந்துபோயிருக்கும். ஆல்ஃபா பிளாக்கர் போட்டதும் குழாய்கள் விரிகின்றன. ஆனால், அவற்றை நிரப்ப ரத்தம் போதாது. எழுந்து நின்றால் பி.பி. சரிந்து கண் இருட்டும். உப்பும் தண்ணீரும் சேர்த்தால் இந்தக் குறை மெல்லச் சரியாகும். ஆபரேஷனில் கட்டியை எடுத்தவுடன் பி.பி. விழுவதையும் இது ஓரளவு தாங்கும்.

இங்கேதான் குடும்பத்தினர் குறுக்கே வருவார்கள். 'பி.பி. மாத்திரை சாப்பிடுறவங்க ஊறுகாய் தொடலாமா, அப்பளம் தொடலாமா' என்று அக்கறையோடு உப்பில்லாத சாப்பாடு செய்து கொடுப்பார்கள். இந்த நோயாளிக்கு அது பாதகமாகலாம். டாக்டர் சொன்னதை வீட்டில் சமைப்பவரிடமும் சொல்லி வைப்பது நல்லது.

அதே நேரத்தில், இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு அதிக உப்பும் தண்ணீரும் ஆகாது. எவ்வளவு, எந்த நாளிலிருந்து என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முதல் சில நாட்கள்... என்ன கவனிக்க வேண்டும்?

* பிரசோசின் போன்ற மாத்திரையின் முதல் டோஸில் சிலருக்கு பி.பி. திடீரென்று சரிந்து மயக்கம் வரும். அதனால் முதல் மாத்திரையை இரவு படுக்கப் போகும்போது போடச் சொல்வார்கள். போட்ட பிறகு எழுந்து வேலை பார்க்காதீர்கள்.
* முதல் டோஸுக்குப் பிறகும், அளவைக் கூட்டிய பிறகும் 24 மணி நேரத்துக்கு பைக், கார் ஓட்ட வேண்டாம்.
* படுக்கையிலிருந்து விசுக்கென்று எழக் கூடாது. எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் இருந்துவிட்டு நிற்க வேண்டும். இரவில் பாத்ரூம் போகும்போது இது ரொம்ப முக்கியம்.
* வெயில் காலத்தில் வியர்வையில் தண்ணீரும் உப்பும் போய்விடும். அக்னி நட்சத்திரத்தில் வெளியே அலைவது, வெந்நீரில் நீண்ட நேரம் குளிப்பது, மது இவை எல்லாமே மயக்கத்தை அதிகமாக்கும். வாந்தி, பேதி வந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
* ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளையில் இரண்டாகப் போடக் கூடாது. பிரசோசின், டாக்சாசோசினைச் சில நாட்கள் விட்டுவிட்டால், பழைய அளவிலேயே திரும்பத் தொடங்காதீர்கள். மறுபடியும் குறைந்த அளவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.
* பி.பி.யை உட்கார்ந்து ஒருமுறை, நின்று ஒருமுறை என இரண்டு விதமாகப் பார்த்து நோட்டில் எழுதி வைக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது 130/80-க்குக் கீழும், நிற்கும்போது மேல் எண் 90-க்கு மேலும் இருப்பது பொதுவான இலக்கு. உங்கள் வயது, இதய நிலையைப் பொறுத்து டாக்டர் இதை மாற்றுவார்.

உடல் சோர்வு, மூக்கடைப்பு, ஆண்களுக்கு விந்து வெளியேறுவதில் மாற்றம் ஆகியவையும் ஆல்ஃபா பிளாக்கரின் பக்கவிளைவுகள். கூச்சப்பட்டு மறைக்காமல் சொன்னால், மாத்திரையை மாற்றித் தர வாய்ப்பு உண்டு. யாரிடமும் சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

மூக்கடைப்புக்கு மாத்திரை வாங்கலாமா?

கூடாது. பலர் மாட்டிக்கொள்ளும் இடமே இதுதான். ஆல்ஃபா பிளாக்கர் மூக்கில் உள்ள ரத்தக்குழாய்களையும் விரியவைப்பதால் மூக்கு அடைத்துக்கொள்ளும். இது ஜலதோஷம் இல்லை, மாத்திரை வேலை செய்கிறது என்பதன் அடையாளம். இது தெரியாமல் பக்கத்து மெடிக்கலில் 'மூக்கடைப்புக்கு ஒண்ணு குடுங்க' என்று கேட்டால், அவர் எடுத்துக் கொடுக்கும் மாத்திரையில் ஃபினைலெஃப்ரின் இருக்கலாம். அது ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து. டாக்டர் எதைத் தடுக்க மாத்திரை கொடுத்தாரோ, அதையே பத்து ரூபாய் கொடுத்து வாங்கிப் போட்டது போலாகிவிடும்.

இந்தக் கட்டி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாதவை:

* ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் கலந்த சளி, ஜலதோஷ மாத்திரைகள், சிரப்கள். மூக்கடைப்புக்கான சொட்டு மருந்துகளும் இதில் அடக்கம்.
* மெட்டோகுளோபிரமைடு. வாந்திக்குச் சர்வசாதாரணமாகப் போடப்படும் ஊசி இது. கட்டியிலிருந்து ஹார்மோனைக் கொட்டவைக்கும்.
* டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசி, மாத்திரைகள்.
* மனஅழுத்தத்துக்கான சில மாத்திரைகள். ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் திடீரென்று நிறுத்தாமல், டாக்டரிடம் சொல்லி முடிவெடுக்க வேண்டும்.
* சில்டெனாஃபில், டடலாஃபில் போன்ற ஆண்மைக் குறைவு மாத்திரைகள். ஆல்ஃபா பிளாக்கருடன் சேர்ந்தால் பி.பி. அதலபாதாளத்துக்குப் போகும்.

பல் பிடுங்கும்போது போடும் மரப்பு ஊசியில் அட்ரினலின் கலந்திருப்பது வழக்கம். எனவே பல் டாக்டரிடமும் சொல்லியாக வேண்டும். கண்புரை ஆபரேஷன் என்றால் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஆல்ஃபா பிளாக்கர் ஆபரேஷன் நேரத்தில் கண்ணின் கருவிழிப்படலத்தைத் தளரவைக்கும். 'எனக்கு ஃபியோகுரோமோசைட்டோமா இருக்கிறது, இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறேன்' என்று எழுதிய சீட்டு ஒன்று பர்ஸில் எப்போதும் இருக்கட்டும். மயங்கி விழுந்தால் உங்களுக்காகப் பேசப்போவது அந்தச் சீட்டுதான்.

இன்னொரு விஷயம். ஃபீனாக்ஸிபென்சமைன், மனஅழுத்தத்துக்கான சில மாத்திரைகள், சில லேப் முறைகளில் பாராசிட்டமால் கூட மெட்டாநெஃப்ரின் பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டலாம். ரத்தம் கொடுக்கும் முன் எல்லா மாத்திரைகளின் பெயரையும் சொல்லிவிடுங்கள்.

அட்ரினல் கட்டி எல்லாமே ஒன்றுதானா?

இல்லை. அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியில் வரும் சில கட்டிகள் ஆல்டோஸ்டிரான் ஹார்மோனைச் சுரக்கும். அவர்களுக்கு உப்பைக் குறைக்கத்தான் சொல்வார்கள். அதற்குத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால், இளநீர் போன்றவற்றிலும் கவனம் தேவை. கார்ட்டிசால் சுரக்கும் கட்டிக்கு மருந்தே வேறு. 'எங்க சித்தப்பாவுக்கும் அட்ரினல் கட்டிதான், அவர் இதைத்தான் சாப்பிட்டார்' என்ற அறிவுரையைக் கேட்டு எதையும் செய்யாதீர்கள். அவருக்குச் சரியானது உங்களுக்கு நேரெதிராக முடியலாம்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

கடுமையான தலைவலியோடு பி.பி. 180/120-ஐத் தாண்டினாலோ, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், ஒரு பக்கம் கை கால் வராமல் போவது, பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். கூடுதலாக ஒரு மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். மயக்கம் வந்து விழுந்தால், படுக்கவைத்து காலைச் சற்று உயர்த்தி வைக்கலாம். தெளிந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் சிகிச்சை தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு முடிந்துவிடுமா?

பெரும்பாலானவர்களுக்கு ஆல்ஃபா பிளாக்கரை நிறுத்திவிடுவார்கள். முதல் ஓரிரு நாட்கள் பி.பி.யும் சர்க்கரையும் குறைய வாய்ப்பு இருப்பதால், மருத்துவமனையில் கண்காணிப்பார்கள். கட்டியால் சர்க்கரை ஏறி இன்சுலின் போட்டவர்களுக்கு அதன் அளவு மாறும், பழைய அளவையே போடக் கூடாது.

சில வாரங்கள் கழித்து மெட்டாநெஃப்ரின் பரிசோதனை செய்து, கட்டி முழுதாக நீங்கிவிட்டதா என்று பார்ப்பார்கள். கட்டி திரும்ப வரலாம் என்பதால் அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை தொடரும். இந்தக் கட்டி உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேருக்குப் பரம்பரை மரபணு மாற்றம் காரணமாக இருப்பதால், மரபணுப் பரிசோதனையும் பரிந்துரைக்கப்படுகிறது. உங்களுக்கு இருந்தால், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டியிருக்கலாம்.

சிகிச்சையை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், அதற்கான அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர் மூவரும் இருக்கும் இடத்தில் எடுப்பது நல்லது. தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கெனத் தனி அறுவை சிகிச்சைத் துறைகள் உள்ளன.

இது பொதுவான தகவல் மட்டுமே. உங்கள் மாத்திரையைத் தொடங்க, மாற்ற, நிறுத்த உங்கள் டாக்டரின் ஆலோசனை கட்டாயம். அடுத்த முறை அவரைப் பார்க்கப் போகும்போது, பி.பி. எழுதிய நோட்டையும், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எதை விட வேண்டும், எதைத் தொடலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.